எட்டாவது கிலோமீட்டரில் நின்ற வண்டி

டீசல் வண்டி வழியில் நின்றுவிட்டால் ரோட்டில் போகிற எல்லாருக்கும் காரணம் தெரியும். சைக்கிளில் போகிறவன் இறங்கிச் சொல்வான். ஆடு மேய்க்கிறவர் கம்பை ஊன்றி நின்று சொல்வார். எல்லாரும் சொல்வது ஒன்றைத்தான்: "பம்ப் போயிருச்சு." கேட்டாலே எனக்கு ஆத்திரம் வரும். பம்ப் போவது என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். இன்ஜினுக்கு டீசலை அளந்து அனுப்புகிற அந்த பம்ப்பைக் கழற்றி, சாக்கில் சுற்றி, விருதுநகரில் பம்ப் வேலை மட்டும் பார்க்கிற கடைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். டீசலைப் பீய்ச்சுகிற நாசிலில் எதற்கு எவ்வளவு போகிறது என்று மிஷினில் ஏற்றிப் பார்த்துத் தருவார்கள். சாதாரண நாளில் இரண்டு நாள் ஆகும். தீபாவளிக்கு முந்தின மூன்று வாரத்தில் ஐந்து நாள், ஆறு நாள் ஆகும். லோடு லாரிக்காரர்கள் எல்லாரும் அங்கேதான் நிற்பார்கள்.

அந்த வருஷம் எனக்கு ஒரு நாள்கூட மிச்சம் இல்லை.

என்னிடம் இருப்பது ஒரே ஒரு வேன். முன்னால் ஏதோ பள்ளிக்கூடத்தில் ஓடியது. வெள்ளை பெயின்ட் உரிந்த இடத்தில் இன்னும் மஞ்சள் தெரியும். வெம்பக்கோட்டை அணைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எங்கள் ஊரிலும் வழியில் இரண்டு ஊர்களிலுமாக இருபத்திரண்டு பெண்களை ஏற்றி, எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் இறக்க வேண்டும். இருபது கிலோமீட்டர் சொச்சம். காலை ஏழு மணிக்கு கேட்டைச் சாத்திவிடுவார்கள். அதில் தப்புச் சொல்ல முடியாது. வெடிமருந்து வேலையை வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். நடுவில் ஆட்கள் அறைக்கு அறை நடமாடக் கூடாது. லேட்டாகப் போனால் அன்றைக்கு வேலை இல்லை, அவ்வளவுதான்.

உள்ளே இரும்பும் போகக் கூடாது, உரசினால் பொறி வரும். அதனால் கம்பெனிக்கு முந்தின வளைவு வந்ததும் பெண்கள் சேலையில் குத்தியிருக்கிற ஊக்குகளைக் கழற்றி, என் சீட்டின் முதுகுத் துணியில் வரிசையாகக் குத்திவிடுவார்கள். சாயங்காலம் ஏறினதும் அவரவர் ஊக்கை அவரவர் எடுத்துக்கொள்வார்கள். யாருடையது எது என்று அவர்களுக்கு எப்படித் தெரிகிறது என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

ஆயுத பூஜை அன்று கம்பெனி லீவு. முதல் நாளே டேங்க் நிறைய டீசல் அடித்துவிட்டேன். வண்டியைக் கழுவினேன். ஐப்பசி மழை ஆரம்பித்துவிட்டது. போன வருஷம் வைத்த சந்தனப் பொட்டெல்லாம் ஒரே மழையில் கரைந்து ஓடி, வண்டி அழுது வழிந்த மாதிரி இருந்தது. இந்த வருஷம் அப்படி விடக் கூடாது என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் மனைவி பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டுகிறாள். அதற்கு மைதாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சின பசை ஒரு வாளி எப்போதும் இருக்கும். பூச்சி அரிக்காது, காய்ந்தால் கல். சந்தனப் பொடியைத் தண்ணீரில் குழைக்காமல் அந்தப் பசையில் குழைத்தேன். ஸ்டியரிங், பேட்டரி, நாலு டயர், ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்பேனர் என்று ஒன்றையும் விடவில்லை. எல்லாவற்றிலும் கட்டைவிரலால் அழுத்திப் பொட்டு வைத்து, மேலே குங்குமம் வைத்தேன். இரவு நல்ல மழை. காலையில் பார்த்தால் ஒரு பொட்டுகூடக் கலையவில்லை. எனக்கு அதில் பெருமைதான்.

அன்று காலை எட்டாவது கிலோமீட்டரில் வண்டி நின்றது.

பட்டென்று நிற்கவில்லை. முதலில் இழுவை குறைந்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தும் வேகம் ஏறாமல் திணறியது. இரண்டு தடவை குலுங்கிவிட்டு அடங்கிவிட்டது. இறங்கினேன். டீசல் இருக்கிறதா என்று டேங்க் மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தேன். மூடியைத் திருகும்போது 'ஸ்ஸ்' என்று சத்தம் வந்தது. சோடா மூடி மாதிரி ஏதோ வாயு என்று விட்டுவிட்டேன். குச்சி நிறைய டீசல். ஃபில்டருக்குப் பக்கத்தில் இருக்கிற சின்னக் கை பம்ப்பை இருபது தடவை அடித்து, ஏர் எடுத்து, அதாவது டீசல் குழாயில் சிக்கின காற்றை வெளியேற்றி, ஸ்டார்ட் பண்ணினேன். உடனே பிடித்தது. போனேன். பதினேழாவது கிலோமீட்டரில் மறுபடியும் அதே கதை. மறுபடியும் மூடியைத் திறந்து குச்சி விட்டேன், கை பம்ப் அடித்தேன், ஏர் எடுத்தேன்.

முன் சீட்டில் உட்காருவது என் பெரியப்பா மகனின் மனைவி. எனக்கு மதினி முறை. புஸ்வாணக் குழாயில் மருந்தை அடைத்துக் கெட்டிக்கிற வேலை. வாய் சும்மா இருக்காது.

"என்ன கொழுந்தனாரே, எலுமிச்சங்காயை சரியா நசுக்கலையோ? பூசை போட்ட மறுநாளே படுத்துருச்சே."

"நசுக்கினேன். நாலு டயருக்கும் நசுக்கினேன்."

"அப்ப ஒங்க வாய்க்கு ஒண்ண வச்சு நசுக்கிருக்கணும். அம்புட்டுப் பேரையும் திட்டிக்கிட்டே ஓட்டுறீகல்ல, அதான் வண்டிக்கு வெறுத்துப்போச்சு."

பின்னால் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்டுக்குப் போகும்போது ஏழு தாண்டி கால் மணி. போர்மேன் மணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முதல் தடவை என்பதால் உள்ளே விட்டார்.

சாயங்காலமும் ஒரு தடவை நின்றது. ஆனால் பதினோரு கிலோமீட்டர் ஓடின பிறகுதான் நின்றது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு அப்போது பங்க்காரன் மேல்தான் கோபம். டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறான் என்று முடிவு பண்ணி, நேரே போய்ச் சண்டை போட்டேன். அவன் பாட்டிலில் டீசலைப் பிடித்து வெளிச்சத்தில் காட்டினான். கண்ணாடி மாதிரி இருந்தது. அப்படியும் நம்பாமல் வேறு பங்க்கில் டேங்க்கை மறுபடி தளும்ப நிரப்பினேன். புதிய ஃபில்டர் வாங்கி மாட்டினேன்.

மறுநாள் ஆறாவது கிலோமீட்டரிலேயே நின்றது. மொத்தம் மூன்று தடவை. கேட்டுக்குப் போகும்போது ஏழரை தாண்டிவிட்டது.

கேட் சாத்தியிருந்தது. பெண்கள் எல்லாரும் இறங்கி வேப்பமரத்தடியில் சோற்றுத் தூக்குகளோடு நின்றார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போர்மேன் வெளியே வந்தார். மருந்து அறைக்கு யாரையும் விட முடியாது, மத்தியானத்துக்கு மேல் பெட்டி ஒட்டுகிற வேலைக்கு மட்டும் எடுக்கிறேன் என்றார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"என்னய்யா பண்ற? சீசன் முடிய இன்னும் எம்புட்டு நாள் இருக்கு? ஆர்டர் கழுத்தை நெரிக்குது."

"பம்ப்புல கோளாறு சார். பாத்துருவேன்."

"நீ பாரு, பாக்காம போ. நாளைக்கு ஏழு மணிக்கு ஆளுக உள்ள இருக்கணும். இல்லேன்னா நான் வேற வண்டிக்குச் சொல்லிருவேன். அப்பறம் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

லைனை, அதாவது தினமும் ஆள் ஏற்றுகிற இந்த ஓட்டத்தை, ஒரு தடவை வேறு வண்டிக்குக் கொடுத்தால் அது திரும்பி வராது. வருஷம் பூராவும் அதே வண்டிதான் ஓடும். என் வண்டி கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் ஆள் தேடிக்கொண்டு நிற்கும். பம்ப்பைக் கழற்றினால் ஐந்து நாள். கழற்றினால் லைன் போச்சு. கழற்றாமல் விட்டாலும் நாளைக்கு நிற்கப்போகிறது. எந்தப் பக்கம் யோசித்தாலும் அந்த பம்ப்தான் முன்னால் வந்து நின்றது.

சிவகாசி போகிற ரோட்டில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் பட்டறை வைத்திருக்கிறார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். போன வருஷம் அதே பம்ப்பைக் கழற்றி, விருதுநகரில் கொடுத்து வாங்கி மாட்டியது அவர்தான். வழியெல்லாம் அதை நினைத்து நினைத்துச் சூடேறிக்கொண்டே போனேன். வழியில் ஒரு தடவை நின்றும் தொலைத்தது. பட்டறையில் நாலைந்து வண்டிக்காரர்கள் இருந்தார்கள். நான் இறங்கினதும் சத்தம் போட்டேன்.

"ஏலே, என்னலே வேலை பாத்து வச்சிருக்க? ஒரு வருஷம் தாங்கலையே ஒன் பம்ப்பு!"

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். கையைத் துடைத்தார். "அண்ணாச்சி, நாலு பேரு முன்னால ஏலே போடாதீக. பம்ப்புதான்னு யாரு சொன்னா?"

"ரோட்டுல போற அம்புட்டுப் பேரும் சொல்றான்."

"அப்ப அவங்கிட்டயே வேலைக்கு விட வேண்டியதுதான?"

நின்றவர்கள் சிரித்தார்கள்.

"பம்ப்புக் கடைக்காரன் வச்ச சீல்ல நான் கை வைக்க மாட்டேன்," என்றார். "மத்தது எல்லாத்தையும் பாத்துட்டு, அது ஒண்ணுதான் மிச்சம்னா அப்ப கழத்துறேன். சம்மதம்னா இருங்க. இல்லேன்னா கெளம்புங்க."

இருந்தேன். வேறு வழி?

அவர் அவசரப்படவில்லை. முதலில் டீசல் வருகிற குழாயில் எங்காவது காற்று இழுக்கிறதா என்று ஒவ்வொரு பைப் இணைப்பையும் விரலால் தடவினார். ஈரம் இல்லை. ஃபில்டருக்கு மேலே இருக்கிற சின்ன போல்ட்டைத் தளர்த்தி, கை பம்ப்பை அடித்தார். குமிழி வரவில்லை, டீசல் சுத்தமாக வந்தது. புது ஃபில்டரையும் கழற்றி ஊதிப் பார்த்தார். நாசில் லைனை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, எந்த சிலிண்டர் அடிக்கவில்லை என்று காதை வைத்துக் கேட்டார். நாலும் ஒரே மாதிரி அடித்தன.

"புகை கருப்பா வந்துச்சா, வெள்ளையா வந்துச்சா?"

"ஒண்ணும் வரல. மூச்சுத் தெணறுன மாதிரி நின்னுச்சு."

"நின்னபெறவு ஒடனே ஸ்டார்ட் ஆச்சா?"

"டீசல் பாத்துட்டு, ஏர் எடுத்தா ஒடனே ஆகும்."

அவர் ஐந்து லிட்டர் வெள்ளை கேன் ஒன்றைக் கழுவி, என் டேங்க்கிலிருந்தே டீசல் பிடித்து நிரப்பினார். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் கம்பியில் அதைக் கட்டித் தொங்கவிட்டார். டேங்க்கிலிருந்து வருகிற பைப்பைக் கழற்றிவிட்டு, கேனிலிருந்து உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூப் ஒன்றை இறக்கி நேரே இன்ஜினுக்குக் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுகிற மாதிரி இருந்தது.

"இப்ப இதே பம்ப்பு, இதே டீசல். டேங்கு மட்டும் கெடையாது. நின்னா பம்ப்பு. நிக்கலேன்னா பம்ப்பு மேல பழி போடாதீக. ஓட்டுங்க."

எதிர்வெயிலில் ஓட்டினேன். அவர் பக்கத்தில் டியூப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆறாவது கிலோமீட்டர் தாண்டியது. எட்டு தாண்டியது. பதினொன்று. வெம்பக்கோட்டை வரைக்கும் போய்த் திரும்பி, பட்டறை வாசலில் நிறுத்துகிறவரை ஒரு குலுக்கல் இல்லை. மூன்றாவது கியரில் மேட்டில் ஏறச் சொன்னார், ஏறியது.

பம்ப் போகவில்லை. ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தேன். ஐந்து நாள் என் கழுத்திலிருந்து இறங்கியது. பம்ப் போகவில்லை என்பதே போதும் போல இருந்தது.

"சந்தோசம் பொறவு படலாம்," என்றார் அவர். "கோளாறு இன்னும் அங்கனயேதான் இருக்கு. கம்பெனிக்கு கேனைக் கட்டிக்கிட்டுப் போக முடியாது. போர்மேன் செருப்பைக் கழத்துவாரு."

டேங்க்கிலிருந்து வருகிற பைப்பில் காற்றடித்துப் பார்த்தார். அடைப்பு இல்லை. டேங்க்குக்கு அடியில் இருக்கிற போல்ட்டைத் திறந்து அழுக்கை இறக்கினார். பெரிதாக ஒன்றும் வரவில்லை. எல்லாவற்றையும் பழையபடி மாட்டும்போது மணி நாலரை. நான் போய்ப் பெண்களை ஏற்ற வேண்டும். "நானும் வாரேன்," என்று ஏறிக்கொண்டார். "வழியில பங்க்குல நிறுத்தி டேங்கை நெறைங்க."

"நெறைஞ்சுதான இருந்துச்சு? அஞ்சு லிட்டர்தான் கொறைஞ்சிருக்கும்."

"அதையும் நெறைங்க. நெறைச்ச அன்னிக்கித்தான ஆறுல நின்னுச்சு? கொறைஞ்சிருந்த சாயங்காலம் பதினொண்ணு ஓடுச்சு. போற பம்ப்பு அப்பிடிக் கணக்குப் பாத்து ஓடாது அண்ணாச்சி."

இதெல்லாம் காலையிலிருந்து புலம்பினதில் நான்தான் அவரிடம் சொன்னது. என் வாயால் சொன்னதை என் காது கேட்கவில்லை.

கம்பெனி வாசலில் பெண்கள் ஏறினார்கள். மதினி மெக்கானிக்கைப் பார்த்துவிட்டு, "டாக்டரையே கூட்டியாந்துட்டீகளா?" என்றாள். ஆனால் குரலில் பழைய தெம்பு இல்லை. அன்றைக்கு அவர்களுக்குப் பாதி நாள் போயிருந்தது. நாளைக்கு வண்டி மாறினால் எங்கள் ஊருக்கு வருகிற வண்டி எத்தனை மணிக்கு வரும், யாரை ஏற்றும், யாரை விடும் என்று பின்னால் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. ஊக்குகளைக்கூட யாரும் எடுக்கவில்லை.

ஆறு கிலோமீட்டர்கூட முழுசாக ஓடவில்லை. வண்டி திணறியது, குலுங்கியது, நின்றது. நான் கதவைத் திறந்து இறங்கப் போனேன்.

"அண்ணாச்சி, ஒண்ணையும் தொடாதீக," என்றார் மெக்கானிக். "நீங்க நின்னா மொதல்ல என்ன செய்வீக?"

"டீசல் பாப்பேன்."

"எப்பிடி?"

"மூடியத் தெறந்து குச்சி விட்டு."

"ரெண்டு நாளா ஒவ்வொரு தடவையும்?"

அதற்கு மதினிதான் பதில் சொன்னாள். "ஒவ்வொரு தடவையும். குச்சியக் கையில எடுக்காம அவுகளுக்குத் தூக்கம் வராது."

அவர் இறங்கினார். பின்னாலேயே எல்லாரும் இறங்கினோம். டேங்க் மூடிக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு மெதுவாகத் திருகினார். ஸ்ஸ்ஸ்ஸ் என்று நீளமாக வந்தது, நின்றுகொண்டிருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. காற்று வெளியே வரவில்லை. உள்ளே போனது. அவர் தன் உள்ளங்கையை வைத்துக் காட்டினார். என் கையையும் வைக்கச் சொன்னார். டேங்க் என் தோலை இழுத்தது.

மூடியைக் கையில் எடுத்து மேல்பக்கத்தை உற்றுப் பார்த்தார். நட்டநடுவில் ஒரு பொட்டு. கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது. மேலே குங்குமம். ஓரத்தில் துத்தத்தின் லேசான நீலம். நகத்தால் சுரண்டினார். வரவில்லை. ஸ்பேனர் முனையால் தட்டினார். டக் டக் என்றது.

"இதை எதுல கொழைச்சீக?"

"பசையில."

"என்ன பசை?"

"குழாய் ஒட்டுற பசை."

மதினி வாயில் கையை வைத்தாள். ஒரு நொடிதான். பிறகு ரோடு முழுக்கச் சிரிப்பு. ஒருத்தி பக்கத்தில் இருந்த பேருந்து நிழற்குடையின் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மெக்கானிக் மட்டும் சிரிக்கவில்லை. "இந்த மூடி நடுவுல ஊசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை உண்டு. டீசல் கொறையக் கொறைய அது வழியாத்தான் காத்து உள்ள போகணும். பாட்டிலை வாயோட சேத்து இறுக்கி வச்சு உறிஞ்சிப் பாருங்க, கொஞ்சத்துல தண்ணி வராது. அதேதான். டேங்கு நெறைஞ்சிருந்தா உள்ள காத்துக்கு எடமே இல்ல, சீக்கிரம் இறுகிரும். நீங்க குச்சி விடத் தெறந்ததும் காத்துப் போயிரும், வண்டி கெளம்பிரும். நீங்க ஏர் எடுத்ததாலதான் கெளம்புச்சுன்னு நெனச்சுக்கிட்டீக."

"புஸ்வாணத்துக்கு ஓட்டைய அடைச்சா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்," என்றாள் மதினி. "டேங்குக்கும் ஓட்டை இருக்கும்னு யாருக்குத் தெரியும்? தெரிஞ்சிருந்தா நான் அன்னிக்கே சொல்லிருப்பேன்ல."

ஓட்டையைக் குத்தி எடுக்க மெல்லிசாக ஏதாவது வேண்டும் என்று அவர் சட்டைப் பையைத் தடவினார். மதினி வண்டிக்குள் எட்டி என் சீட்டின் முதுகிலிருந்து ஒரு ஊக்கை எடுத்துக் கொடுத்தாள். "இது என்னுது. ஒடைச்சுராதீக." அவர் அதை நிமிர்த்தி, பொட்டின் நடுவில் அழுத்தித் திருகினார். மூடியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். குங்குமத்துக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது.

அங்கிருந்து ஊர்வரை வண்டி நிற்கவில்லை. பெண்கள் பேசிக்கொண்டே வந்தார்கள், ஊக்குகளை எடுத்துக்கொண்டார்கள். மதினி வளைந்த ஊக்கைக் கையில் வைத்துக்கொண்டு புதுசு வாங்கித் தர வேண்டும் என்று என்னிடம் சண்டை போட்டாள். எல்லாரையும் இறக்கிவிட்டு மெக்கானிக்கைப் பட்டறையில் கொண்டுவிட்டேன். மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை.

"காலையில ஏலே போட்டேன்," என்றேன்.

"போட்டீக."

"அது தப்பு."

"அதை நாளைக்கு அதே நாலு பேரு இருக்கிறப்ப வந்து சொல்லுங்க. இப்ப தனியாச் சொன்னா எனக்கு எதுக்கு?" என்றார். பிறகுதான் சிரித்தார். ரொம்ப நேரம் சிரித்தார். பசை, பசை என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

மறுநாள் காலை ஆறாவது கிலோமீட்டர் வந்தபோது மதினி கம்பியைப் பிடித்துக்கொண்டாள். எட்டாவது வந்தது, நாங்கள் முதல் நாள் நின்ற இடத்துப் புளியமரம் பின்னால் போனது. பதினொன்று. பதினேழு. இன்ஜின் ஒரே சுருதியில் ஓடியது. வளைவு வந்ததும் பின்னாலிருந்து ஒவ்வொரு கையாக நீண்டு, என் முதுகுக்குப் பின்னால் ஊக்குகளைக் குத்தியது. ஒன்று துணியைத் தாண்டி என் தோளில் ஏறியது. நான் கத்தவில்லை. அன்றைக்கு எனக்குக் கத்துவதற்கு ஒன்றுமே இல்லை.

கேட்டில் போர்மேன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆறே முக்கால். கேட்டை அகலமாகத் திறந்துவிட்டார். இருபத்திரண்டு பேரும் தூக்குகளோடு உள்ளே போனார்கள். கடைசியாகப் போன மதினி திரும்பி, "கொழுந்தனாரே, சாயங்காலம் வாரப்ப என் புது ஊக்கை மறந்துராதீக!" என்றாள்.

நான் வண்டியைத் திருப்பினேன். பட்டறையில் அந்த நாலு பேரும் வருவதற்கு ஒன்பது மணி ஆகும். அதுவரை வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்தி, இறங்கி, டீ குடித்தேன். டேங்க் மூடியைத் திறந்து பார்க்கவில்லை.